திரும்பத் தெரியாத படகு

மார்ச் 2, ஞாயிறு

காலையிலிருந்து ஒரு கொக்கு என்னை ஏய்த்துக்கொண்டே இருந்தது. ஏரிக்கரை நாணலுக்குள் கணுக்கால் வரை சேறு. நான் ஒரு அடி வைத்தால் அது ஒரு அடி தள்ளிப் போகும். நின்றால் அதுவும் நிற்கும். கடைசியில் அதற்கே அலுத்துப்போய்ப் பறந்துவிட்டது. என் கேமராவில் இருப்பது இரண்டு கால்களும் மீதி வானமும்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் புகைப்படக் கூட்டத்தின் தலைவியை எல்லாரும் ‘கேப்டன்’ என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். விசில் இல்லாமல் அவரைப் பார்த்ததே இல்லை. சூரியன் மறைகிற படம் எடுக்கிறவன் அடுத்த ஞாயிறு முழுக்க அவருடைய கேமரா முக்காலியைத் தூக்க வேண்டும், அதுதான் சட்டம். இன்று என் படத்தைப் பார்த்துவிட்டு, “தம்பி, கொக்குக்கு முட்டி வலியா? கால மட்டும் எடுத்திருக்கீங்க?” என்றார்.

தொழில் புத்தி. வாரம் முழுக்க ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் ஜன்னல் இல்லாத நாலு சுவருக்குள் எலும்பாகப் பார்க்கிறேன். ஞாயிறு ஒன்றுதான் தோலும் சதையும் உள்ள உலகம்.

மார்ச் 4, செவ்வாய்

பஸ் நிறுத்தத்தில் ஒரு நாய் மனிதர்களோடு வரிசையில் நின்றது. பஸ் வந்ததும் எல்லாரும் ஏறினார்கள், அது ஏறவில்லை. அடுத்த பஸ்ஸுக்கோ என்னவோ.

மார்ச் 9, ஞாயிறு

கிடைத்துவிட்டது! இதுவரை எடுத்ததிலேயே நல்ல படம் இதுதான் என்று நினைக்கிறேன்.

காலையில் மூடுபனி. கையை நீட்டினால் கை தெரியவில்லை. கேப்டன் விசிலடித்து விசிலடித்து எங்களைக் கரையில் சேர்த்துவைத்தார். பனி விலகினபோது ஏரி நடுவில் ஒரு மிதிபடகு. வாத்துக் கழுத்து வைத்தது, வெள்ளைப் பெயின்ட் உரிந்தது. இரண்டு பேர் மிதிக்கிறார்கள். படகு முன்னால் போகாமல் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. அந்த ஆள் இந்தப் பக்கம் திருப்பினால் அது அந்தப் பக்கம் போகிறது. பக்கத்தில் உட்கார்ந்த பெண் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறாள். சத்தம் இவ்வளவு தூரம் வரவில்லை. எதிர்வெயில் வேறு, முகமெல்லாம் நிழல். ஆனால் சிரிப்பு தோளில் தெரிந்தது, கையில் தெரிந்தது, பிடித்திருந்த குடையில்கூடத் தெரிந்தது.

ஒரே ஒரு தடவைதான் அழுத்தினேன். அதற்குள் மறுபடி பனி.

வீட்டுக்கு வந்ததும் கேப்டனுக்கு அனுப்பிவிட்டேன். தலைப்பு கேட்டார். ‘யாரோ இருவர்’ என்று போட்டேன். கொஞ்சம் கவிதையாக இல்லை?

மார்ச் 11, செவ்வாய்

தேர்ந்தெடுத்துவிட்டார்கள்! நூலகத்துச் சுவரில் எங்கள் கூட்டத்தின் கண்காட்சி, இருபத்திமூன்றாம் தேதி தொடக்கம். என் படகுதான் வாசலுக்கு நேரெதிரே, பெரிய அளவில். இன்று எக்ஸ்ரே எடுக்க வந்த எல்லாரிடமும் ரொம்ப அன்பாக நடந்துகொண்டேன். ஒருவர் பயந்தே போனார், ரிப்போர்ட்டில் ஏதோ இருக்கிறது என்று.

மார்ச் 13, வியாழன்

எழுதவே கை வரல.

சாயங்காலம் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைப் பெரிசு பண்ணி, நிழலைக் கொஞ்சம் வெளிச்சமாக்கி ரசித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவள். வாயில் குண்டூசியோடு வந்து எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றாள். குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தாள்.

“ஏங்க, இது அத்தை.”

“எந்த அத்தை?”

“எனக்கு எத்தனை அத்தை இருக்காங்க? உங்கம்மா.”

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. “அந்த நீலச் சட்டைக்குப் பொத்தான் மாத்திக் கொடுத்ததே நான்தான். அஞ்சாவது பொத்தான் மட்டும் வேற கலர். பாருங்க.”

பார்த்தேன். அஞ்சாவது பொத்தான் வேற கலர்.

என் அம்மா. பனிமூட்டத்தில. ஏரி நடுவுல. ஒரு ஆளோட.

மார்ச் 14, வெள்ளி

யார் அந்த ஆளு? எத்தனை நாளா? ஏன் சொல்லல? அறுபத்தியோரு வயசு. முட்டி வலின்னு அழுதா — அந்த முட்டியை எக்ஸ்ரே எடுத்ததே நான்! ‘ரொம்ப மாடிப்படி ஏறாதம்மா’ன்னு நான் சொன்னேன், நானே கையைப் பிடிச்சு இறக்கிவிட்டேன். அந்த முட்டியை வெச்சிக்கிட்டா படகு மிதிக்கிறா?

அப்பா போய் எட்டு வருஷம். ‘நான் தனியா நல்லாத்தான்டா இருக்கேன்’னு அவ சொன்னதை நான் நம்பினேன். ஞாயித்துக்கிழமை போன் பண்ணா எடுக்க மாட்டா. தூங்கியிருப்பான்னு நெனச்சேன். முட்டாள்.

கேப்டனுக்குப் போன் போட்டேன். வேற படம் வெச்சிக்கலாமான்னு கேட்டேன். “எல்லாம் பிரிண்டுக்குப் போயாச்சு தம்பி. ஏன், உங்களுக்கே பொறாமையா இருக்கா?” என்று சிரிக்கிறார்.

மனைவி தைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் மெஷினை நிறுத்திவிட்டு, “அவங்க சிரிக்கிறாங்க. அதுல உங்களுக்கு என்ன குறைஞ்சுபோச்சு?” என்றாள்.

கோபமாக எழுந்து போய் பல் தேய்த்தேன்.

மார்ச் 15, சனி

அம்மா வீட்டுக்குப் போனேன். சும்மா பார்க்க வந்த மாதிரி.

புதுக் கண்ணாடி போட்டிருந்தாள். “போன மாசம்தானேம்மா மாத்தின?” என்றேன். “அது காதுல அழுத்துதுடா.” அதற்கு முன்னால் மாற்றினது மூக்கில் அழுத்தியது.

“ஞாயித்துக்கிழமை எல்லாம் என்னம்மா பண்ற?”

“நடக்கப் போறேன். டாக்டர் நடக்கச் சொன்னாரே.”

ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தாள். ஏதோ மெட்டு முணுமுணுத்தாள். நான் கேட்க வந்ததைக் கேட்காமல் ரொட்டியைத் தின்றுவிட்டு வந்தேன். மாடிப்படி இறங்கும்போதுதான் உறைத்தது. அந்த வீட்டில் எங்கே பார்த்தாலும் கண்ணாடி துடைக்கிற சின்னத் துணி: ஃப்ரிட்ஜ் மேல், டிவி மேல், உப்பு ஜாடிக்குக் கீழே. எல்லாவற்றிலும் ஒரே கடையின் பெயர்.

கடைத்தெரு முனையில் இருக்கிற கண்ணாடிக்கடை. உயரமாக, கொஞ்சம் கூன் போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பாரே. படகில் இருந்த அதே கூன், அவர்தான்.

மார்ச் 16, ஞாயிறு

மழை. எங்கள் கூட்டத்தின் புகைப்பட நடை ரத்து. ஒருவழியாக இன்றைக்கு ஏரியில் யாரும் சுற்றவில்லை என்ற கேவலமான நிம்மதி.

மார்ச் 18, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

வேலை முடிந்து நேரே அம்மா வீடு. போனில் படத்தைத் திறந்து அவள் முன்னால் மேஜைமேல் வைத்தேன். “இதை நான் எடுத்தேன். தெரியாமத்தான் எடுத்தேன். நூலகத்துல பெரிசா மாட்டப் போறாங்க. நீ வேணாம்னு சொன்னா நானே போய்க் கழட்டிடறேன்.”

அம்மா கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. நான் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டேன். பிறகு,

“என் கழுத்து இவ்வளவு நீளமாடா?”

“அம்மா!”

“அவருக்குப் படகு ஓட்டத் தெரியாது. தண்ணின்னாலே பயம். நான் ஆசைப்பட்டேன்னு ஏறினார். அரை மணி நேரம் ஒரே இடத்துல சுத்தினோம்.” மறுபடி அந்தப் படத்திலிருந்த சிரிப்பு. இந்தத் தடவை சத்தத்தோடு.

நான் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டேன். “அப்பாவோட நீ இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லையேம்மா.”

அவள் சிரிப்பு நிற்கவில்லை, சின்னதாயிற்று, அவ்வளவுதான். “நல்லாச் சிரிச்சிருக்கேன்டா. அப்போ உன்கிட்ட கேமரா இல்ல.”

போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

எழுந்து வரும்போது கேட்டாள்: “படத்துக்கு என்ன பேர் வெச்சிருக்க?”

“யாரோ இருவர்.”

“யாரோவா? பெத்தவ நான் யாரோவா? மாத்து முதல்ல.”

‘திரும்பத் தெரியாத படகு’. அவள் வைத்த பெயர். படம் அங்கேயே இருக்கட்டுமாம். அக்காவிடம் தானே சொல்லிக்கொள்கிறாளாம்.

மார்ச் 22, சனி

படம் மாட்டுகிற வேலை. ஏணியைப் பிடித்தேன், ஆணி கொடுத்தேன், கோணல் என்று கேப்டனிடம் விசிலடி வாங்கினேன். சுவரில் அம்மா என் உயரத்துக்கு இருக்கிறாள். புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்த ஒரு அம்மாள் படத்துக்கு முன்னால் நின்று, காரணமே இல்லாமல் சிரித்துவிட்டுப் போனார்.

அம்மா இன்னும் அக்காவிடம் சொல்லவில்லை. “நாளைக்குள்ள சொல்லிடறேன்டா” என்கிறாள்.

மார்ச் 23, ஞாயிறு

சொல்லவில்லை.

அக்கா ரயிலில் டிக்கெட் பரிசோதகர். அவள் ஒரு பார்வை பார்த்தால் கூடப் பிறந்த நானே பாக்கெட்டைத் தடவுவேன். தம்பி படம் மாட்டியிருக்கிறான் என்று பணி முடிந்து யூனிபார்மோடு நேரே நூலகத்துக்கு வந்தாள். கையில் எனக்காகக் கேக் பெட்டி. வாசலில் நுழைந்ததும் எதிரே அந்தப் படம்.

முதலில் புன்னகையோடுதான் பார்த்தாள். கொஞ்சம் பின்னால் போனாள், கண்ணைச் சுருக்கினாள், இன்னும் பின்னால் போனாள். புன்னகை எப்போது போயிற்று என்று எனக்குத் தெரியும், அந்த நொடி நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உனக்கு எப்ப தெரியும்?”

“பத்து நாளா.”

“ஊர்ல இருக்கிறவன் எல்லாம் பாத்ததுக்கப்புறம் நான் பாக்கணுமா?” குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. அதற்குள் அம்மா வந்து, “நானே சொல்லணும்னுதான்…” என்று ஆரம்பித்தாள். அக்கா கேக் பெட்டியை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கேக்கைக் கேப்டன் எல்லாருக்கும் வெட்டிக் கொடுத்தார். நானும் ஒரு துண்டு தின்றேன். நன்றாக இருந்தது, அதுதான் கொடுமை.

மார்ச் 26, புதன்

அக்கா போனை எடுக்கவில்லை. அம்மா போனையும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

நடைக்கு அம்மாவும் வந்தாள், கண்ணாடிக்கடைக்காரரும் வந்தார். படகுத்துறையில் முதல்முறையாக நேருக்கு நேர். மனிதர் கரையிலேயே மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு நின்றார்.

“வணக்கம் சார். நீங்கதானே அந்தப் படம் எடுத்தவர்? மன்னிச்சிக்குங்க, படகு என் கட்டுப்பாட்டுல இல்ல.”

“பரவாயில்லைங்க. படம் நல்லா வர்றதுக்கு அதுதாங்க காரணம்.”

வங்கி கவுன்டரில் பேசிக்கொள்கிற மாதிரி மரியாதையாக, ஒரு ‘ங்க’வுக்கு ஒரு ‘ங்க’ என்று பதினைந்து நிமிஷம் பேசினோம். அவர் மனைவி இறந்து ரொம்ப நாளாகிறது. கடைக்கு மேலேயே வீடு. அம்மா ஒரு கண்ணாடிக்கு ஸ்க்ரூ முடுக்கப் போனாளாம், அந்த ஸ்க்ரூ அடுத்தடுத்து பல தடவை லூசாகிப்போனதாம். “ஒரு கட்டத்துல எனக்கே சந்தேகம் வந்துடுச்சுங்க, நான்தான் சரியா முடுக்கலையோன்னு.”

“நீங்க சரியாத்தான் முடுக்கினீங்க” என்றாள் அம்மா, ஏரியைப் பார்த்துக்கொண்டு.

சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

ஏப்ரல் 12, சனி

அம்மா டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டராக இருந்தவள். வாழ்நாளெல்லாம் ஊருக்கு லைன் போட்டுக் கொடுத்தவள், இன்று போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அக்கா கூப்பிட்டு மூன்று வாரம் ஆகிறது.

“அவளுக்குப் பிடிக்கலேன்னா நான் நிறுத்திடறேன்டா. இந்த வயசுல எனக்கு எதுக்கு இதெல்லாம்?” என்றாள். இந்த வாரம் ஏரிக்கு வரவில்லையாம். முட்டி வலியாம்.

போன மாதம் இதைக் கேட்டிருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். இன்று முடியவில்லை. ஏன்? அந்த வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது, அதனாலா? அவள் ஒரு மெட்டும் முணுமுணுக்கவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

நடைக்குப் போகவில்லை. ரயில் நிலையத்துக்குப் போனேன். அக்கா பணி முடிந்து பிளாட்பாரத்தில் இறங்கும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பார்த்தாள், பார்க்காத மாதிரி நடந்தாள். கூடவே நடந்தேன்.

“அக்கா, அம்மா அவரைப் பாக்குறதையே நிறுத்திடறாளாம்.”

நின்றாள். “நான் நிறுத்தச் சொன்னேனா?”

“நீ எதுவுமே சொல்லலையே.”

“அவ சொன்னாளா என்கிட்ட? நீ சொன்னியா? நான் என்ன பூதமா? ரெண்டு பேரும் சேந்து மறைக்கிற அளவுக்கு?” பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டாள், எப்போதும் அவளுக்கு இருக்கிற தலைவலி. “அந்தப் படத்துல அம்மா அழகா இருந்தாடா. எனக்கு அவளை யாருன்னே தெரியல. பெத்தவளை அடையாளம் தெரியாம நின்னேன் பாரு… அப்பாவை மறந்துட்டாளா?”

அம்மா கேமராவைப் பற்றிச் சொன்னதை அப்படியே சொன்னேன். அக்கா ரொம்ப நேரம் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சரக்கு ரயில் போயிற்று. கடைசிப் பெட்டி போனதும் கேட்டாள்.

“ஆள் எப்படி?”

“தண்ணின்னா பயம். வேற குறை இன்னும் கண்டுபிடிக்கல.”

“நீ கண்டுபிடிக்க மாட்ட. நான் பாத்துக்கறேன்.”

இது நல்லதா கெட்டதா?

ஏப்ரல் 19, சனி

மத்தியானம் அக்கா போன். “ஏன்டா, நான் ஒரு காரியம் பண்ணிட்டேன்.”

கண்ணாடிக்கடைக்குப் போயிருக்கிறாள்! கண் பரிசோதிக்க வந்த ஆள் மாதிரி, பெயரைக்கூட மாற்றிச் சொல்லி. எப்படிப் பேசுகிறார், என்ன குணம் என்று வேவு பார்க்க. அவர் நாற்காலியில் உட்காரவைத்து, சுவரிலிருக்கிற எழுத்தைப் படிக்கச் சொல்லியிருக்கிறார். மேல் வரி படித்தாளாம். இரண்டாவது வரி படித்தாளாம். மூன்றாவதில் எழுத்தே இல்லை, பூச்சிதான் ஊர்ந்ததாம்.

“இத்தனை வருஷமா தலைவலின்னு மாத்திரை முழுங்கினேனே, அது கண்ணுடா! டிக்கெட்டை ஏன் இவ்வளவு தள்ளிப் பிடிச்சுப் படிக்கிறேன்னு என்னிக்காவது யாராவது கேட்டீங்களா? அந்த மனுஷர் கேட்டார்.”

“அவருக்கு நீ யாருன்னு தெரியுமா?”

“கடைசி வரைக்கும் காட்டிக்கவே இல்லடா. மேடம் மேடம்னு நாப்பது ஃப்ரேம் எடுத்துக் காமிச்சார். கிளம்பறப்போ கதவைத் திறந்து பிடிச்சிக்கிட்டு, ‘உங்கம்மாவுக்கும் இதே மூக்கு. இந்த ஃப்ரேம் நழுவாது’ங்கறார்.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவளும் சிரித்தாள். சிரித்தபடியே மூக்கை உறிஞ்சினாள்.

“அம்மா வீட்ல இருப்பாளாடா இப்ப?”

ஏப்ரல் 20, ஞாயிறு

அக்கா நேற்று அம்மா வீட்டிலேயே தங்கிவிட்டாள். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று கேட்டேன். “உனக்கெதுக்கு?” என்று இருவருமே சொன்னார்கள். சண்டை தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

வழியில் ஒரு சலவைக் கொடியில் வெள்ளைத் துணிக்கு நடுவே ஒற்றைச் சிவப்பு சாக்ஸ். படம் எடுத்தேன்.

மே 4, ஞாயிறு

அக்கா முதல்முறையாக நடைக்கு வந்தாள், புதுக் கண்ணாடியோடு. காட்டுப் பாதையில் பத்து அடிக்கு ஒரு தரம் நின்றாள். “மரத்துல தனித்தனியா இலை தெரியுதுடா! நான் மரம்னா ஒரு பச்சை மூட்டைன்னு நெனச்சிட்டிருந்தேன்.” மேலே பார்த்துக்கொண்டே நடந்து கேப்டன் மீது மோதினாள். கேப்டன் விசிலை விழுங்கப் பார்த்தார்.

“எடுக்கட்டுமாக்கா?” என்று கேட்டேன்.

“இப்பத்தான் கேக்கத் தெரிஞ்சுதா?” என்றாள். ஆனால் அசையாமல் நின்றாள். இலை நிழல் முகமெல்லாம் புள்ளி புள்ளியாக.

கண்ணாடிக்கடைக்காரர் அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். அக்கா அவரிடம், “இடுக்கு வழி, பாத்து வாங்க” என்றாள். நின்று, அவர் வந்து சேரும்வரை காத்திருந்தாள்.

மே 22, வியாழன்

திருமணப் பதிவு அலுவலகம். சாட்சிக் கையெழுத்து: நானும் அக்காவும். எழுத்தர் அம்மாவைப் பார்த்து, “பொண்ணு எங்கே?” என்றார். “இங்கேதான் உக்காந்திருக்கேன்” என்றாள் அம்மா. மனைவி மாலை முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அம்மா குடிபோகிற கடை மாடி வீட்டு ஜன்னலுக்கு அவள் தைத்த திரைச்சீலை ஒரு சாண் நீளமாகிவிட்டது. அம்மா வெட்டக் கூடாது என்கிறாள்.

ஜூன் 8, ஞாயிறு

நடை சீக்கிரம் முடிந்தது. மீன்கொத்தி ஒன்று கிடைத்தது, ஓரளவு. ஷூ முழுக்கச் சேறு, பசி வேறு. வீட்டுக்குப் போகிற வழியில் கடைத்தெரு முனை வந்தது. யோசிக்காமலேயே கால் திரும்பிவிட்டது. கடை சாத்தியிருந்தது. பக்கவாட்டுப் படியேறி மணி அடித்தேன்.

அவர்தான் திறந்தார். கையில் ஈரத்துணி, பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டிருந்தார்.

“வாப்பா. ஷூவை வெளிய விடு, இப்பத்தான் தரையைத் துடைச்சேன். சாப்பிட்டியா?”

“இல்ல.”

“உள்ள வா. உங்கம்மா குளிச்சிட்டிருக்கா. முட்டை ரெண்டு போடவா, மூணா?”

மூன்று என்றேன்.